அப்பா ஒரு நல்ல பேஷண்ட்

நர்சிங் கல்லூரி மூடிக் கிடந்த அந்த வருஷம் குச்சியின் அப்பாவுக்கு வராத வியாதி இல்லை. திங்கட்கிழமை பக்கவாதம் வந்தது. செவ்வாய்க்கிழமை இடுப்பெலும்பு முறிந்தது. புதன்கிழமை நினைவு தப்பிப் படுத்தவர், போனுக்குள்ளிருந்து மேடம் "நெக்ஸ்ட் ஸ்டூடன்ட்" என்றதும் எழுந்துபோய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடி நினைவு தப்பினார்.

எல்லாம் ஆன்லைன் வகுப்புக்காகத்தான். அரிசி டின் மேல் போனைச் சாய்த்து வைத்து, அதன் கண்ணுக்குள் கட்டில் முழுசாகத் தெரியும்படி டின்னை நகர்த்தி நகர்த்தி, குச்சி பாடம் செய்து காட்டுவாள். வார்டில் கற்க வேண்டியதை வீட்டிலேயே கற்றுக்கொள்ளுங்கள் என்று கல்லூரி சொல்லிவிட்டது. நோயாளிக்கு எங்கே போவது? வீட்டில் யாரையாவது படுக்க வையுங்கள். கட்டில்? இருப்பதில் செய்யுங்கள். இப்படிச் சொன்னவர்கள் யாரும் ஓரறை வீட்டில் குடியிருந்தவர்கள் அல்ல என்பது சொல்லாமலே விளங்கும்.

அப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பள்ளிக்கூடம் இல்லை, வேன் தெருமுனையில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது. சும்மா உட்காரத் தெரியாத மனுஷருக்கு இந்தப் பேஷண்ட் வேலை வராது வந்த வேலையாக அமைந்துவிட்டது. காலையிலேயே முகம் மழித்து, தலை வாரி, சட்டையை மாற்றிக்கொண்டு வந்து படுத்துவிடுவார்.

"நோயாளி தலை சீவிக்கிட்டா படுப்பான்?" என்பாள் அம்மா, தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

"பேஷண்டுன்னா அழுக்கா இருக்கணும்னு சட்டமா? நீ முகமூடியைத் தை."

அம்மா ஒரு ரெடிமேட் கம்பெனிக்காக வீட்டிலிருந்தே முகக்கவசம் தைத்துக்கொண்டிருந்தாள். மெஷின் சத்தம் வகுப்புக்கு இடைஞ்சல் என்று மேடம் சொன்னபோது மட்டும் நிறுத்துவாள். நிறுத்தியதற்கும் சேர்த்து ஏதாவது சொல்லுவாள்.

குச்சியை எல்லோரும் குச்சி என்று கூப்பிடுவதற்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை, பார்த்தாலே போதும். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவள் அப்பாவைப் புரட்டுவதைப் பார்த்து மேடமே அசந்துபோனார். படுத்த நோயாளியை எழுப்பாமல் படுக்கை விரிப்பை மாற்றும் பாடம் அது. தோளைத் தொடுவாள், அப்பா அந்தப் பக்கம் திரும்பியிருப்பார். சுருட்டிய விரிப்பு இடுப்புக்கு அடியில் வரும் நேரம் பார்த்து இடுப்பைக் கொஞ்சம் தூக்கிக் கொடுப்பார். கையை எங்கே வைக்க வேண்டும், காலை எப்போது மடக்க வேண்டும், எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

"எக்ஸலண்ட்," என்றார் மேடம். "பேஷண்ட் ரொம்ப நல்லா ஒத்துழைக்கிறாரு."

அப்பா அதைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். "காலேஜ்லயே பேர் வாங்கிட்டேன். பத்தாங்கிளாஸ்ல வாங்காத பேரு."

நடுவில் ஒருமுறை நிஜக் காய்ச்சலே வந்து வீட்டில் மூவரையும் போட்டுப் புரட்டிவிட்டுப் போயிற்று. மூக்குக்கு வாசனை போய், பாதி வந்து, அப்படியே நின்றது. அம்மாவுக்குத்தான் மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் இடம் இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். வேனின் பின்சீட்டில் படுத்துக்கொண்டு வீடு திரும்பியதை அம்மா அதற்குப் பிறகு பேசவே இல்லை. ஆனால் ஆஸ்பத்திரி என்ற சொல் வந்தாலே ஊசியைத் துணியில் கொஞ்சம் அழுத்திக் குத்துவாள்.

அதனால், கடைசி வருஷ மாணவிகள் எல்லோரும் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர வேண்டும் என்று போனில் தகவல் வந்தபோது மெஷின் தானாகவே நின்றது.

"போக வேணாம்."

"போகலைன்னா வருஷம் போயிடும்மா. வார்டு வேலை முடிச்சாத்தான் டிகிரி."

"வருஷம்தானே போகுது, உயிரு இல்லையே."

"தடுப்பூசி ரெண்டும் போட்டாச்சு. காய்ச்சலும் வந்துட்டுப் போயாச்சு. இன்னும் என்ன?"

"வாசல்லயே திருப்பி அனுப்பின இடம் அது. அங்க போய் நீ யாருக்கு என்ன செய்யப் போற?"

குச்சி வாயில் வந்ததைக் கடித்து விழுங்கினாள். இந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். அதை எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் முதல் ஆளாக இருப்பது என்றால் எதற்கெடுத்தாலும் ஒற்றையாக நின்று விளக்கம் சொல்ல வேண்டும் என்பதை யாரும் சொல்லித் தந்ததில்லை.

"அங்க இடமில்லைன்னு சொன்னாங்களே, அதுக்குக் காரணம் கட்டில் இல்லாதது மட்டும் இல்லம்மா. ஆள் இல்ல. அந்த ஆளுங்கதான் நாங்க."

அம்மா மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள். அதற்குச் சம்மதம் என்று அர்த்தமில்லை. பேச்சு முடியவில்லை, ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

*

ஆஸ்பத்திரி வாசலில் பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். அதில் இவர்களையெல்லாம் போர்வீரர்கள் என்று எழுதியிருந்தது. உள்ளே போனதும் உட்கார நாற்காலி கேட்டபோது, "நீங்க ஸ்டூடன்ட்ஸ்தானே, நில்லுங்க" என்றார்கள். பேனருக்கு ஒரு பேர், நாற்காலிக்கு ஒரு பேர்.

உடம்பு முழுக்க மூடும் அந்த வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டால் அம்மாவுக்கே மகளை அடையாளம் தெரியாது. அதனால் ஒருவர் முதுகில் ஒருவர் பேனாவால் பெயர் எழுதிவிட வேண்டும். குச்சியின் தோழி ஒருத்திக்கு வாய் ஓயாது. எல்லோரும் அவளை ரேடியோ என்பார்கள். அந்த ரேடியோதான் குச்சியின் முதுகில் எழுதினாள், சொந்தப் பெயரை எழுதாமல் கொட்டை எழுத்தில் "குச்சி" என்று எழுதிவிட்டாள். முதுகை யார் பார்க்க முடியும்? வார்டில் நுழைந்த கொஞ்ச நேரத்தில் இன்சார்ஜ் சிஸ்டரிலிருந்து வார்டு கூட்டுகிறவர் வரை, "ஏ குச்சி, இங்க வா", "குச்சி, அந்த பாட்டிலை மாத்து" என்று கூப்பிட, இந்தப் பெயர் இவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று குச்சி முழித்தாள்.

"நீதானடி?"

"சுருக்கமா இருக்கட்டும்னு எழுதினேன். மை மிச்சம்," என்றாள் ரேடியோ.

இன்சார்ஜ் சிஸ்டர் பல மாதமாகச் சரியாகத் தூங்காதவர். கோபப்படக்கூட அவருக்குத் தெம்பு கம்மி, அதனால் சுருக்கமாகக் கோபப்படுவார். ஜன்னலோரக் கட்டிலைக் காட்டினார்.

"மேஸ்திரி. ஆக்ஸிஜன் ஓடுது, ஆனா ஏற மாட்டேங்குது. குப்புறப் படுக்க வைக்கணும். குப்புறப் படுத்தா நுரையீரலோட பின்பக்கம் விரியும். தெரியும்ல?"

"தெரியும் சிஸ்டர்."

"செஞ்சிருக்கியா?"

"நிறைய தடவை சிஸ்டர்," என்றாள் குச்சி. பொய் இல்லை. மேடம் எக்ஸலண்ட் என்றிருக்கிறார்.

மேஸ்திரி கட்டடம் கட்டுகிறவர். அவரே ஒரு கட்டடம்போலத்தான் கிடந்தார். முகத்தில் மாஸ்க், நெற்றியில் வியர்வை. ஒரு வாக்கியத்துக்கு இரண்டு இடத்தில் மூச்சு வாங்கினார்.

"நீயா... என்னைத் திருப்பப் போற? கிரேன்... வரலையா?"

"பயப்படாதீங்கப்பா, சும்மா திரும்பிடலாம்," என்றபடி குச்சி அவர் தோளில் கை வைத்தாள். கை வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

தோள் திரும்பும் என்று அவள் கை நம்பிக்கொண்டிருந்தது. ஒரு வருஷமாகத் தொட்டதும் திரும்பிய தோள் அது. இந்தத் தோளோ ஈரமான சிமெண்ட் மூட்டைபோலக் கிடந்தது. தள்ளினாள். இன்னும் கொஞ்சம் தள்ளினாள். முழு பலத்தையும் சேர்த்துத் தள்ளினாள்.

மேஸ்திரி அசையவில்லை. கட்டில் அசைந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குச் சக்கரம் உண்டு, வேலை தொடங்கும் முன் காலால் பூட்ட வேண்டும். புத்தகத்தில் முதல் வரியே அதுதான். ஆனால் குச்சி வீட்டுக் கட்டிலுக்குச் சக்கரம் கிடையாது. கட்டில் உருண்டு போய்ப் பக்கத்து அலமாரியில் மோத, ஆக்ஸிஜன் குழாய் இழுபட்டு மேஸ்திரியின் மாஸ்க் தாடைக்கு இறங்கியது. குச்சி பாய்ந்து அதைச் சரிசெய்வதற்குள் அவர் உதடு வெளுத்தது. விரலில் மாட்டியிருந்த ஆக்ஸிஜன் மானி கீச் கீச் என்று கத்த ஆரம்பித்தது.

இன்சார்ஜ் வந்தார். மாஸ்க்கைப் பொருத்தினார், சக்கரத்தை மிதித்துப் பூட்டினார், மானி அடங்கும்வரை நின்றார். பிறகு தானும் இன்னொரு சிஸ்டருமாக மேஸ்திரியைத் திருப்பிப் படுக்க வைத்தார். அப்புறம்தான் குச்சி பக்கம் திரும்பினார்.

"நிறைய தடவை செஞ்சேன்னு சொன்னியே, யாருக்குச் செஞ்சே?"

"அப்பாவுக்கு சிஸ்டர். ஆன்லைன்ல."

மூடிய உடுப்புக்குள் அவர் முகம் தெரியவில்லை. சிரித்தாரா என்றும் தெரியவில்லை.

"உங்க அப்பா திரும்பினாரு. நீ திருப்பலை. நாளைக்கு இதே மேஸ்திரியை என் எதிர்ல திருப்பிக் காட்டு. முடியலைன்னா வரவேற்பு மேசைல போன் எடுக்கற வேலைதான். வார்டு கணக்கு உனக்கு வராது. கோபம் இல்லம்மா, எனக்கு ஆள் வேணும். பொம்மை வேணாம்."

போன் எடுக்கிற வேலை என்றால் இந்த வருஷம் போயிற்று. அம்மா ஜெயித்தாள்.

*

வீட்டுக்கு வந்து, பின்பக்கக் குழாயடியிலேயே குளித்து, துணியை வெந்நீரில் ஊறப் போட்டுவிட்டு, முகக்கவசத்தோடு உள்ளே வந்தாள். வெயில் இன்னும் இறங்கவில்லை. அப்பா கட்டிலில் உட்கார்ந்து வேன் சாவியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஓடாத வண்டியின் சாவி அது, தினம் துடைப்பார்.

"அப்பா, படுங்க."

"இன்னைக்கு என்ன வியாதி?"

"பேசாம படுங்க. நீங்க ஒரு உதவியும் பண்ணக் கூடாது. பொணம் மாதிரிக் கிடக்கணும்."

"வாயை நல்லா வை," என்றாள் அம்மா மெஷினிலிருந்து.

சுவரோரம் கிடந்த கட்டிலை இழுத்து அறை நடுவில் போட்டாள். இரண்டு பக்கமும் நிற்க இடம் வேண்டும். அப்பா படுத்தார். கண்ணை மூடினார். குச்சி தோளில் கை வைத்தாள்.

அப்பா திரும்பினார்.

"அப்பா!"

"அசையவே இல்லியே!"

"திரும்பிட்டீங்க!"

"நீ திருப்பின, நான் திரும்பினேன். அதானே கணக்கு?"

மறுபடி செய்தாள். இந்தத் தடவை அவர் பல்லைக் கடித்துக்கொண்டு விறைப்பாகக் கிடந்தார், மரக்கட்டை மாதிரி. தோளைத் தொட்டால் கால்வரை மொத்தமாகச் சேர்ந்து புரண்டது. மூன்றாம் தடவை தொளதொளவென்று கிடக்கச் சொன்னாள். தொளதொளவென்றே இடுப்பைத் தூக்கிக் கொடுத்தார். யாரைத் தொட்டாலும் எழுந்து ஒத்தாசைக்கு நிற்கிற உடம்பு அது. அத்தனை வருஷம் குழந்தைகளை வேனில் ஏற்றி இறக்கிப் பழகியதோ என்னவோ, அதற்கு முரண்டு பிடிக்கத் தெரியவில்லை.

குச்சி தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. அழுகை இல்லை, ஆத்திரம். வார்டில் நடந்ததை அப்படியே கொட்டினாள். மேஸ்திரி, சக்கரம், வெளுத்த உதடு, இன்சார்ஜ் சொன்னது, எல்லாம். அப்பாவின் முகம் சுண்டிப்போயிற்று.

"அப்போ நான் நல்ல பேஷண்ட் இல்லையா?"

மெஷின் நின்றது.

"நீ எழுந்திரு," என்றாள் அம்மா அப்பாவிடம். "ஒரு வேலைக்குப் போட்டா ஒழுங்கா படுக்கக்கூடத் தெரியல. தள்ளு." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கட்டிலில் ஏறி மல்லாந்து படுத்தாள். "இந்தா. என்னைத் திருப்பு. திருப்பிட்டீன்னா நாளைக்குப் போ, ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். முடியலைன்னா வீட்டுல இரு. நான் ஒரு இம்மியும் உதவ மாட்டேன், சொல்லிட்டேன்."

அப்பா மகளைப் பார்த்தார். மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா விட்டத்தைப் பார்த்தாள்.

அம்மா ஒல்லி இல்லை. உட்கார்ந்தே வேலை செய்து செய்து இடுப்பு கனத்துப்போன உடம்பு. அதற்கு மேல் பிடிவாதம் வேறு. குச்சி தோளையும் இடுப்பையும் பிடித்துத் தள்ளினாள். அம்மா கட்டிலோடு ஒட்டிக் கிடந்தாள்.

"அடுப்புல சோறு இருக்கு. நடுவுல போய் அணைச்சுட்டு வா," என்றாள் விட்டத்தைப் பார்த்தபடியே.

மகளுக்குப் பதில் அப்பா அடுப்பை அணைக்கப் போனார். குச்சி விரிப்பு ஒன்றை நாலாக மடித்து, அம்மாவை இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்த்து, தோளிலிருந்து தொடைவரை அடியில் செருகினாள். அதற்கே வியர்த்துவிட்டது. விரிப்பைப் பிடித்துக் கையால் இழுத்தாள். தையல் டர்ரென்றது. அம்மா வரவில்லை.

"கிழிச்சா நான்தான் தைக்கணும்," என்றாள் அம்மா.

குச்சி நின்றாள். புத்தகத்தில் எல்லாம் இருந்தது. நோயாளியை முதலில் கட்டில் ஓரத்துக்கு இழு, பிறகு உருட்டு. கையால் இழுக்காதே, காலால் இழு. மார்க் வாங்கிய வரிகள். அப்பா தானே ஓரத்துக்கு நகர்ந்து கொடுத்துவிடுவார் என்பதால் அந்த வரிகளை அவள் உடம்பு ஒருநாளும் படித்ததே இல்லை. ஒரு காலை முன்னால் வைத்தாள், முழங்காலைக் கட்டிலில் முட்டுக் கொடுத்தாள். முழு ஆளையும் ஒரே மூச்சில் இழுக்காமல், விரிப்பின் மேல்பகுதியை மட்டும் பிடித்து, நாற்காலியில் உட்காருகிறவள்போலப் பின்னால் சாய்ந்தாள்.

அம்மாவின் தோள் நகர்ந்தது. ஒரு சாண்.

அடுத்து இடுப்பு. அதற்கு இரண்டு மூன்று தடவை உட்கார்ந்து எழ வேண்டியிருந்தது. அடுத்து கால். அம்மா துண்டு துண்டாகக் கட்டில் ஓரத்துக்கு வந்து சேர்ந்தாள். இப்போது மறுபக்கம் உருள இடம் இருந்தது.

ஒன்றும் சொல்லாமல் அம்மாவின் கையைப் பிடித்து உடம்போடு சேர்த்து வைத்தாள் குச்சி. அம்மா வெடுக்கென்றாள்.

"சொல்லிட்டுத் தொடு. மூட்டையா நானு?"

அப்பாவிடம் ஒருநாளும் சொல்லித் தொட வேண்டியிருந்ததில்லை. சொல்லாமலே எல்லாம் தெரிந்த பேஷண்ட் அவர்.

"அம்மா, கையை உடம்போட சேர்த்து வைக்கறேன். இந்தக் காலை எடுத்து அந்தக் கால் மேல போடறேன். இப்போ மறுபக்கம் வந்து என் பக்கமா உருட்டப் போறேன். கீழ விழ விட மாட்டேன்."

"ம்."

சுற்றி வந்து, தோளிலும் இடுப்பிலும் கை கொடுத்து, பின்னால் சாய்ந்தாள். அம்மாவின் கனம் முழுவதும் ஒருகணம் அவள் மேல் வந்தது. பிறகு துருப்பிடித்த பெரிய கதவு திறப்பதுபோல அம்மா மெதுவாகச் சாய்ந்து, பக்கவாட்டில் வந்து, குப்புறக் கவிழ்ந்தாள். குச்சி சட்டென்று முகத்தை ஒருபக்கம் திருப்பினாள். "நெஞ்சுக்கடில தலையணை வைக்கறேன்மா," என்று சொல்லிவிட்டு வைத்தாள். ஒரு கையை மேலே மடக்கிவைத்தாள்.

அப்பா கையில் கரண்டியோடு வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கைதட்டலாமா கூடாதா என்று அவருக்குத் தெரியவில்லை.

அம்மா அப்படியே கிடந்தாள். குச்சிக்குப் பயம் வந்துவிட்டது.

"அம்மா? மூச்சு முட்டுதா?"

"இல்ல." தலையணைக்குள்ளிருந்து குரல் வந்தது. "அன்னைக்கு வேன்ல வரும்போது, யாராவது இப்படித் திருப்பிப் போட்டிருந்தா நல்லாயிருந்திருக்கும்."

குச்சி அம்மாவின் முதுகின் மேல் கையை வைத்தாள். அம்மா தட்டிவிடவில்லை.

"மெஷின் மேல துணி கிடக்கு," என்றாள் கொஞ்சம் கழித்து. "எடுத்து மடிச்சு வை. இப்போ எழ மாட்டேன்."

*

மேஸ்திரி கண்ணைத் திறந்து பார்த்தார். "மறுபடியும்... நீயா?"

"நான்தான்பா. முதல்ல கட்டிலைப் பூட்டறேன்," என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு சக்கரமாக மிதித்தாள் குச்சி. குழாயைத் தலைமாட்டுப் பக்கம் தளர்த்திவிட்டாள். ரேடியோவை எதிர்ப்பக்கம் நிறுத்தினாள். இன்சார்ஜ் கைகட்டி நின்றார்.

"கிரேன்?"

"கிரேன் வரலை, கால் வந்திருக்கு. உங்களை ஓரமா இழுக்கப் போறோம்பா. நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். மூச்சை மட்டும் பாத்துக்குங்க."

தோள், இடுப்பு, கால். மேஸ்திரி அம்மாவைவிடக் கனம். ஆனால் பிடிவாதம் இல்லாத கனம், அது எவ்வளவோ தேவலாம். ரேடியோகூட வாயை மூடிக்கொண்டு இழுத்தாள். கை, கால், சாய்வு, உருட்டல், தலையணை. மேஸ்திரி குப்புறப் படுத்து, கட்டில் விளிம்புக்கு வெளியே ஒரு கண்ணால் தரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

மானி கொஞ்சநேரம் முரண்டு பிடித்தது. பிறகு எண் ஒவ்வொன்றாக ஏறியது.

"டைல்ஸ்..." என்றார் மேஸ்திரி.

"என்னப்பா?"

"கோணலா... போட்டிருக்கான். எவன்டா இவன்?"

ரேடியோ சிரித்துவிட்டாள். இன்சார்ஜ் மானியைப் பார்த்தார், மேஸ்திரியைப் பார்த்தார், குச்சியின் முதுகில் எழுதியிருந்ததைப் பார்த்தார்.

"ம். குச்சி, அடுத்த கட்டில்," என்றார்.

அவ்வளவுதான். அதற்கு மேல் பாராட்ட அந்த வார்டில் யாருக்கும் நேரம் இல்லை. குச்சிக்கும் தேவைப்படவில்லை. அடுத்த கட்டிலுக்குப் போனாள், சக்கரத்தைப் பூட்டினாள்.

*

சாயங்காலம் குழாயடியில் குளித்துவிட்டு வரும்போது மாடியிலிருந்து வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தார்.

"உங்க பொண்ணை கேட் கைப்பிடியைத் தொடாம போகச் சொல்லுங்க. எங்கெங்க தொட்டுட்டு வருதோ."

குச்சி வாயைத் திறக்கும் முன் உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"அவ தொட்டாத்தான் அங்க ஆளுங்களுக்கு மூச்சு வருதாம். நீங்க கைப்பிடியைக் கழட்டி உள்ள வெச்சுக்குங்க."

மாடி ஜன்னல் சாத்திக்கொண்டது. அப்பா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

குச்சி நடந்ததைச் சொன்னாள். அப்பா ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி நிறுத்திக் கேட்டார். டைல்ஸ் கதையை மட்டும் இரண்டு தடவை சொல்லச் சொன்னார். அம்மா தைத்துக்கொண்டே இருந்தாள். நூல் முடிந்ததும் மாற்றாமல் எழுந்தாள்.

கட்டில் இன்னும் அறை நடுவில்தான் கிடந்தது. யாரும் அதைச் சுவரோரம் தள்ளவில்லை. அப்பா பழக்க தோஷத்தில் போய்ப் படுத்து, தலைமுடியைக் கோதிக்கொண்டார்.

"எழுந்திரு," என்றாள் அம்மா. "இன்னைக்கு நான் பேஷண்ட்."

"பந்தயம்தான் முடிஞ்சுதே?"

"முதுகு முடியலையே. எழுந்திருய்யா."

அப்பா எழுந்து இடம் விட்டார். அம்மா ஏறி மல்லாந்து படுத்தாள். குச்சி சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு, கை கழுவி, முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு வந்து நின்றாள்.

"அம்மா, தோள்ல கை வைக்கறேன்."

"ம்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். ஓர் இம்மியும் உதவவில்லை. இருந்த கனம் மொத்தத்தையும் மகள் கையில் விட்டுவிட்டாள்.